தானாகப் போன மெசேஜ்

புதுக்கோட்டையை ஒட்டிய திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டின் முன்னறைதான் என் ஆபீஸ். ஒரு மேசை, வருகிறவர்கள் உட்கார நாற்காலிகள், சுவரில் மனைப்பிரிவின் வரைபடம். வாசலில் போர்டு மாட்டவில்லை. போர்டைப் பார்த்து யாரும் வருவதில்லை, எல்லாரும் ஃபோன் வழியாகத்தான் வந்தார்கள். கீரனூர் போகிற ரோட்டில் பிளாட் போட்டிருந்த ஒருவருக்கு மனைகளை விற்றுக் கொடுத்தேன். அது போக, டவுனுக்குள் வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுப்பேன். அதற்கு முன்னால் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். கணவருக்குத் திருச்சியில் வேலை. காலையில் பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார். மகன் ஹாஸ்டலில் இருந்து படித்தான். பகல் முழுக்க வீட்டில் நானும் ஃபோனும்தான்.

ஃபோனில் படம் பார்க்கிறவர்களுக்கு நடுவில் வந்து நிற்குமே, அந்த மாதிரி விளம்பரம்தான் நான் கொடுத்தது. அதில் என் ஃபோட்டோ, நம்பர், வீட்டுக்கு வழி காட்டும் மேப் எல்லாம் இருக்கும். முகம் தெரிந்தால்தான் நம்பிக்கை வரும், அதுவும் பெண் முகம் என்றால் பெண்கள் தயங்காமல் பேசுவார்கள் என்று, விளம்பரத்தைக் கவனிக்கிற ஆப்பை எனக்கு விற்ற பையன் சொல்லியிருந்தான். விளம்பரத்தை யாராவது தொட்டால் அவர்கள் பெயரும் நம்பரும் அந்த ஆப்புக்குள் வந்து விழும். இந்தத் தொழிலில் அப்படி வந்து விழும் ஒவ்வொரு ஆளுக்கும் லீட் என்று பெயர். நான் கூப்பிட்டுப் பேசி, அவர்களுக்கு வேண்டியது மனையா வாடகை வீடா என்று குறித்து வைத்தால் போதும். அதற்கப்புறம் தினமும் அவர்களுக்கு ஒரு மெசேஜ் தானாகப் போகும், பெயரைப் போட்டு, நானே உட்கார்ந்து எழுதியது போல.

"நீங்க மறந்தாலும் அது மறக்காது மேடம்" என்றான் அந்தப் பையன். அன்றைக்கு அதைக் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டு முடித்து ஆப்பைத் திறந்தபோது ஒரு பெண்ணின் பெயர் புதிதாக வந்திருந்தது. உடனே கூப்பிட்டேன். வந்த சூட்டோடு பேசினால்தான் லீட் நிற்கும்.

"வணக்கம்மா, வீடு, மனை விளம்பரம் பாத்தீங்கள்ல, அங்க இருந்து பேசுறேன்" என்றேன்.

மறுமுனையில் ரொம்பச் சன்னமான குரல். "அக்கா, மனை இல்லக்கா. வாடகைக்கு ஒரு ரூமு கெடைக்குமா? புதுக்கோட்டையில, இல்லாட்டி திருச்சிப் பக்கம். எங்கிட்டு இருந்தாலும் சரி."

"எத்தன பேரும்மா இருப்பீங்க?"

"நானும் எம் மகளும் மட்டுந்தான்."

"வீட்டுக்காரரு வெளிநாடா?"

"இல்லக்கா." குரலை இன்னும் தாழ்த்தினாள். "அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா என்னைய உசுரோட விட மாட்டாரு."

நான் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் அந்தப் பக்கம் ஒரு பைக் சத்தம் கேட்டது. "வந்துட்டாரு. நீங்க இனிமே பண்ணாதீங்கக்கா. நானே பண்றேன்" என்றாள். லைன் அறுந்தது.

யாரோ, எவரோ. பெயரும் ஊரும் மட்டும் ஆப்பில் இருந்தன. அறந்தாங்கிப் பக்கம். அவளுக்கு ஒரு ரூம் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். மறந்துவிடக் கூடாது என்று ஆப்பில் அவள் பெயருக்கு எதிரே "வாடகை வீடு" என்று குறித்து வைத்தேன். எல்லாருக்கும் செய்வதுதான். கை பழகிப் போயிருந்தது.

மறுநாள் காலையில் ஆப்பைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அவள் நம்பருக்கு மெசேஜ் போயிருந்தது. "வணக்கம், நீங்கள் கேட்ட வாடகை வீடு விஷயமாக" என்று ஆரம்பிக்கும் மெசேஜ். முதல் வரியிலேயே அவள் பெயர். பக்கத்தில் இரண்டு நீல டிக். யாரோ படித்துவிட்டார்கள். அவளா, அவனா என்று நீல டிக் சொல்லாது.

நிறுத்த முடியுமா என்று பார்த்தேன். எதை அழுத்தினாலும், ஒரு பெயருக்கு ஆரம்பித்த மெசேஜ் வரிசை முடிகிற வரை நிற்காது என்றே காட்டியது. ஆப் கம்பெனிக்கு ஃபோன் செய்தேன். புகாரைப் பதிந்துவிட்டதாகவும் பொறுமையாக இருக்கும்படியும் ஒரு பெண் குரல் சொன்னது. "பொறுமையா இருக்கற விஷயம் இல்லம்மா இது" என்று கத்தினேன். அவளுக்கு எப்படிப் புரியும்? ஒரு மெசேஜ் கூடுதலாகப் போனால் என்ன குடி முழுகிவிடும் என்றுதான் அவள் நினைத்திருப்பாள்.

அன்று சனிக்கிழமை, மத்தியானமே அந்த நம்பரில் இருந்து ஃபோன் வந்தது. அவளாகவே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே எடுத்தேன்.

ஆண் குரல். "என் வீட்டுக்காரிக்கு இந்த நம்பர்ல இருந்து மெசேஜ் வந்துருக்கு. யாரு பேசுறது?"

சத்தம் போடவில்லை. மரியாதைக் குறைவாகவும் இல்லை. அப்படி நிதானமாகக் கேட்டதுதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது.

"ரியல் எஸ்டேட்டுங்க சார்" என்றேன்.

"வாடகை வீடு கேட்டாளாமே? யாருக்கு?"

அந்தப் பக்கம் ஒரு சின்னப் பிள்ளை பாடம் படிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எங்கிருந்தோ வாய்க்குப் பேச்சு வந்தது.

"யாரும் கேக்கல சார். அது விளம்பரம். ஃபோன் பாக்கும்போது விளம்பரத்துல கை பட்டாலே போதும், பேரும் நம்பரும் தானா எங்களுக்கு வந்துரும். மெசேஜும் தானாப் போயிரும். நாங்க யாரும் ஒக்காந்து அனுப்புறது இல்ல."

"கேக்காமயே 'நீங்கள் கேட்ட'ன்னு போடுவீங்களா?"

"அப்புடிப் போட்டாத்தான் சார் ஆளுங்க திரும்பக் கூப்பிடுவாங்க. வேவாரத்துக்காகப் போடுறது. எல்லாருக்கும் அதே மெசேஜ்தான்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்குந்தான்."

முந்தின நாள் நான் கூப்பிட்டதைப் பற்றி அவன் கேட்கவில்லை. அவள் அதை அழித்திருக்க வேண்டும். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

"சரி" என்றான். "என் நம்பர் சொல்றேன். எனக்கு அனுப்புங்க பாப்போம். இப்பவே. நான் லைன்லயே இருக்கேன்."

ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தேன். "பேரு சொல்லுங்க சார்" என்றேன். சொன்னான். எழுத்துகள் மாறி மாறி விழுந்தன. அழித்து அழித்து அடித்தேன். அவன் நம்பரை அடித்தேன். மனையா வாடகை வீடா என்கிற இடத்தில் "வாடகை வீடு" என்பதைத் தொட்டேன். ஆப்பில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. எங்கள் தெருவில் மத்தியான நேரத்தில் சிக்னல் சரியாக இருக்காது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. புதிய பெயருக்கு முதல் மெசேஜ் உடனே போகுமா, மறுநாள்தான் போகுமா என்பதும் அந்த நிமிஷத்தில் எனக்கு மறந்து போயிருந்தது.

"என்ன, ஒண்ணும் வரலயே?" என்றான்.

"சிக்னல் இல்லைங்க சார். இப்ப வந்துரும்."

பிள்ளை படிப்பதை நிறுத்திவிட்டது. வேறு எந்தச் சத்தமும் இல்லை. அந்த வீட்டில் அவள் எங்கே நின்றுகொண்டிருந்தாள், என்ன முகத்தோடு நின்றாள் என்று எனக்குத் தெரியவில்லை. அப்போது அந்தப் பக்கம் டிங் என்று ஒரு ஒலி. அவன் வாய்விட்டுப் படித்தான். தன் பெயரைப் படித்தான். நீங்கள் கேட்ட வாடகை வீடு விஷயமாக என்பதை எழுத்துக்கூட்டுவது போல மெதுவாகப் படித்தான்.

பிறகு சிரித்தான். "நான் எப்பம்மா வாடகை வீடு கேட்டேன்?"

"அதைத்தான் சார் சொல்றேன். மாட்டுக்கும் மனுசனுக்கும் வித்தியாசம் தெரியாம அனுப்பிக்கிட்டே இருக்கும்."

அந்தப் பதில் அவனுக்குப் பிடித்திருக்க வேண்டும். மனை என்ன விலை போகிறது, எந்தப் பக்கம் என்றெல்லாம் விசாரித்துவிட்டு வைத்தான். நான் எழுந்து போய் முகம் கழுவினேன். 

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். டிபன் பாக்ஸைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டார். "ஒனக்கு எதுக்கு இந்த வேல? விளம்பரத்துல நம்ம வீட்டு மேப்பு இருக்குல்ல, அவன் நேரா இங்க வந்து நின்னா?" என்றார். அதை நான் யோசிக்கவே இல்லை. அவர் சொன்ன பிறகு வேறெதையும் யோசிக்க முடியவில்லை. எழுந்துபோய் கிரில் கேட்டுக்குப் பூட்டுப் போட்டேன்.

இப்போது வழி கிடைத்தாலும் மெசேஜை நிறுத்தப் பயமாக இருந்தது. அவனுக்கு வந்து அவளுக்கு வராமல் போனால் கேள்வி வரும். எல்லாருக்கும் போகிறது என்று சொல்லியாகிவிட்டது, அப்படியே போகட்டும் என்று விட்டேன். நிறுத்தத்தான் முடியவில்லையே தவிர வாசகத்தை மாற்ற முடிந்தது. வாடகை வீடு என்ற பேச்சையே எடுத்துவிட்டு, மனை, தண்ணீர் வசதி, ரோட்டு வசதி என்று எழுதி வைத்தேன். தினமும் காலையில் அவள் நம்பருக்கும் அவன் நம்பருக்கும் அந்த மெசேஜ் போனது. நீல டிக் விழுகிற வரைக்கும் அடுப்படிக்குப் போக மாட்டேன். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் டிக் விழும். இரண்டு ஃபோனும் அவன் கையில்தான் இருக்கின்றன என்று தெரிந்துகொண்டேன்.

அவளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. பிறகு ஒரு நாள் தெரியாத நம்பரில் இருந்து ஃபோன். "அக்கா, நான்தான். பாப்பா ஒண்ணாவது படிக்கிற ஸ்கூல்ல, ஆயாம்மா ஃபோன்ல பேசுறேன். உங்க நம்பர மனப்பாடம் பண்ணி வச்சுருந்தேன்."

"அன்னைக்கு ஒண்ணும் செய்யலயேம்மா?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"அன்னைக்கு இல்லக்கா. அவரு ஃபோனுக்கும் வந்ததுனால விட்டுட்டாரு." அன்னைக்கு இல்லை என்று அவள் சொன்ன விதத்திலேயே மற்ற நாட்களைப் பற்றி எனக்குத் தெரிந்துவிட்டது. தனக்கு அம்மா இல்லை, அண்ணன் அனுசரித்துப் போகச் சொல்கிறார் என்றாள். "ஞாயித்துக்கெழம மனை பாக்கணும்னு என்னையையும் கூட்டிக்கிட்டு வாராரு. நம்ம ரெண்டு பேரும் பேசிக்கிறமான்னு பாக்கத்தான் வாராருன்னு நெனைக்கிறேன். உங்கள முன்னப்பின்னப் பாக்காத மாதிரி இருந்துக்குறேன்க்கா."

"நம்ம நெசமாவே பாத்தது இல்லையேம்மா" என்றேன்.

அவள் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. பிறகு கேட்டாள். "ரூமு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. பயத்தில் அதைச் செய்யவே இல்லை. "பாத்துடுறேன்" என்றேன்.

அன்றே கீரனூருக்கு பஸ் ஏறினேன். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா அங்கே இருக்கிறார். என்னிடம் மனை வாங்கியவர். தனியாக இருக்கிறார், மாடிப் போர்ஷன் காலியாகக் கிடந்தது. விஷயத்தை மறைக்காமல் சொன்னேன். ஆபத்து இருக்கிறது என்றும் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான். "புள்ளைக்கு என்ன வயசு?" ஒன்றாம் வகுப்பு என்றேன். "வரட்டும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை என் கணவரும் கூட வந்தார். சைட்டில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. செம்மண் தரையில் மஞ்சள் பெயிண்ட் அடித்த எல்லைக் கற்கள், ஓரத்தில் தைலமரங்கள். வேறு ஆள் நடமாட்டம் இல்லை. எத்தனையோ பேருக்கு அந்த இடத்தைக் காட்டியிருக்கிறேன். அது எவ்வளவு தனியான இடம் என்று அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

பைக்கில் மூன்று பேரும் வந்தார்கள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. பார்த்தால் யாரும் பெண் கொடுப்பார்கள். "உங்க சிஸ்டம் பிரமாதம் மேடம். விடாம அனுப்புறீங்களே" என்று கைகூப்பினான். அவன் சட்டைப் பையில் இரண்டு ஃபோன்கள் இருந்தன. அவள் பின்னால் நின்றாள். நான் குரலை வைத்து நினைத்திருந்ததைவிடச் சின்னப் பெண். என்னைப் பார்த்தாள், ஒரு கல்லைப் பார்ப்பது போல. நானும் "வாங்கம்மா" என்று எல்லாரிடமும் சொல்கிற மாதிரிச் சொன்னேன்.

எல்லைக் கற்களைக் காட்டிக்கொண்டே நடந்தேன். ஒவ்வொரு தடவை நான் வாயைத் திறக்கும்போதும் அவன் என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தான். திடீரென்று நின்று, சிரித்தபடி அவளிடம் சொன்னான். "நீ கேளு. ஒனக்குத்தானே வீடு வேணும்?"

என் கணவர் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

அவள் தலையைக் குனிந்தபடியே கேட்டாள். "தண்ணி நல்லா இருக்குமா?"

"நல்ல தண்ணிம்மா" என்றேன். பேச்சை விடாமல் பிடித்துக்கொண்டேன். "சந்தேகமா இருந்தா இங்க வாங்குனவங்களையே கேட்டுப் பாக்கலாம். கீரனூர்ல ஒரு நர்ஸம்மா இருக்காங்க. பெரியாஸ்பத்திரில வேல பாத்து ரிட்டயர்டு ஆனவங்க. பஸ் ஸ்டாண்டுல எறங்கி, பின்னாடித் தெருவுல நர்ஸம்மா வீடுன்னா யாரும் காட்டிருவாங்க. மேல் போர்ஷன் காலியாத்தான் வச்சுருக்காங்க. இங்க வீடு கட்டுற வரைக்கும் வாடகைக்கு இருக்கணும்னாகூட அங்க இருந்துக்கலாம். தங்கமான மனுசி."

"நர்ஸம்மா கதையெல்லாம் நமக்கு எதுக்கு மேடம்?" என்றான் அவன்.

"அக்கம்பக்கம் எப்புடின்னு எல்லாரும் கேப்பாங்க சார், அதான் சொன்னேன்" என்றேன்.

அவள் இப்போது முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "பஸ்ஸு இருக்குமா?"

"காலையில இருந்து திருச்சி பஸ்ஸு போய்க்கிட்டேதான் இருக்கும்மா. புதுக்கோட்டையில ஏறுனா ஒக்காந்தே போகலாம்."

அவள் தலையாட்டினாள். பிள்ளை ஒரு எல்லைக் கல்மேல் ஏறி நின்றுகொண்டு, "அப்பா, இங்க வீடு கட்டுவமா?" என்று கேட்டது. "கட்டுவம், கட்டுவம்" என்று அவன் அதைத் தூக்கி பைக்கில் உட்கார வைத்தான். மூன்று பேரும் போன பிறகு, என் கணவர் தைலமரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டார். "நீ பேசப் பேச எனக்கு வேர்த்துக் கொட்டிருச்சு" என்றார்.

அதற்கப்புறம் பல நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. நான் சொன்னது அவளுக்குப் புரிந்ததா, அவனுக்கும் புரிந்துவிட்டதா என்று நினைத்து நினைத்துச் சாப்பாடு இறங்கவில்லை. பேப்பரில் அறந்தாங்கி என்ற பெயரைப் பார்த்தாலே முழுச் செய்தியையும் படிக்காமல் பக்கத்தைத் திருப்ப முடியாது. ஒரு நாள் காலை பதினோரு மணி வாக்கில் நர்ஸம்மா கூப்பிட்டார்.

"ஒங்க ஆளு வந்தாச்சு. புள்ளையை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போற மாதிரியே கெளம்பி வந்துருக்கா. யூனிஃபார்மோடயே தூங்குது."

நான் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் மத்தியானம் வாசலில் பைக் நிற்கிற சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அதே வெள்ளைச் சட்டை, ஆனால் கசங்கியிருந்தது. கிரில் கேட் பூட்டியிருந்தது. சத்தம் காட்டாமல் உள்ளே இருந்துவிடலாம் என்றால் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"மேடம், கேட்டத் தொறங்க. மனைய முடிச்சிரலாம்."

"வீட்டுக்காரரு இல்லைங்க சார். சாயங்காலம் வாங்க" என்றேன், உள்கதவில் நின்றபடி.

"அவ எங்க?"

"யாரு சார்?"

அவன் பையில் இருந்து ஒரு ஃபோனை எடுத்துக் காட்டினான். அவளுடையது. விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். "ஃபோன எடுத்துக்கிட்டுப் போகல. துணிமணியும் எடுத்துக்கிட்டுப் போகல. யாரோ எடம் குடுத்துருக்காங்க. அவ ஃபோனுக்கு ஒங்களத் தவுர வேற யாரும் மெசேஜ் போடுறது இல்ல." அப்போதும் குரலை உயர்த்தவில்லை. கிரில் கம்பி ஒன்றைப் பிடித்து ஆட்டினான், பூட்டு எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பது போல. பூட்டு சின்னப் பூட்டு. என் கையில் ஃபோன் இருந்தது, ஆனால் யாரைக் கூப்பிடுவது, எந்த எண்ணை அழுத்துவது என்று ஒன்றும் ஓடவில்லை.

எதிர்வீட்டு ஆட்டோக்காரர் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். கை கழுவிக்கொண்டே வாசலுக்கு வந்தவர், "யாரு சார் வேணும்? அங்க என்ன கேட்டப் போட்டு ஆட்டுறீங்க?" என்று சத்தமாகக் கேட்டார். பக்கத்து வீட்டுக் கதவும் திறந்தது.

"மனை விஷயமா வந்தேங்க" என்று அவன் சிரித்தான். பைக்கில் ஏறி, ஸ்டார்ட் செய்துவிட்டு என் பக்கம் திரும்பினான். "கீரனூர்னுதானே மேடம் சொன்னீங்க? நர்ஸம்மா?"

அப்போது எனக்கு உண்டான பயத்தை வேறு எதோடும் ஒப்பிட்டுச் சொல்லத் தெரியவில்லை. அவன் தெருமுனை திரும்புவதற்குள் நர்ஸம்மாவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ஆட்டோக்காரரிடம் ஓடினேன். என்ன ஏதென்று கேட்காமல், சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். வழி நெடுக அழைத்துக்கொண்டே போனேன். சைட்டைத் தாண்டினோம், தைலமரங்களைத் தாண்டினோம். முன்னால் போகிற ஒவ்வொரு பைக்கும் அவனுடையதாகத் தெரிந்தது. அவளுக்கு நான் சொன்ன வழியை அவனுக்கும் நானேதான் சொல்லிவைத்திருக்கிறேன்.

கீரனூரில் அந்தத் தெருவுக்குள் நுழையும்போதே கூட்டம் தெரிந்தது. என்னால் ஆட்டோவில் இருந்து இறங்க முடியவில்லை. "நீங்க இருங்கம்மா, நான் பாத்துட்டு வாரேன்" என்று ஆட்டோக்காரர் போனார். போனவர் திரும்பி வந்து, "ஒண்ணும் இல்லம்மா, எறங்குங்க" என்றார்.

நர்ஸம்மா முந்தின நாளே அவளைக் கூட்டிக்கொண்டு போய் மகளிர் போலீசில் புகார் எழுதிக் கொடுக்க வைத்திருக்கிறார். அவன் வந்து தெருவில் நின்று கூப்பிட்டிருக்கிறான். முதலில் மெதுவாக, பிறகு இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த குரலில். நர்ஸம்மா மாடிக் கதவை உள்ளே தாழ் போட்டுவிட்டுப் போலீசுக்குப் பேசிக்கொண்டிருந்ததால்தான் என் ஃபோனை எடுக்கவில்லை. ஒரு கல் மாடி ஜன்னலில் விழுந்திருந்தது. தெருக்காரர்கள் அவனைச் சுற்றி நின்றுகொண்டார்களாம். நான் போய்ச் சேர்ந்தபோது போலீஸ் ஜீப் அவனை ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தது.

மாடியில் கண்ணாடித் துண்டுகளை அவள் கூட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை கட்டிலுக்கு அடியில் இருந்தது, எவ்வளவு கூப்பிட்டும் வெளியே வரவில்லை. அவள் என்னைப் பார்த்ததும் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது. என் கையும் அப்படித்தான் இருந்தது.

"என்னாலதாம்மா இவ்வளவும். அந்த மெசேஜு போகாம இருந்துருந்தா" என்றேன்.

"போகாட்டி நான் இன்னும் அங்கயேதான் இருந்துருப்பேன்க்கா. போறதா வேண்டாமான்னு நெனச்சுக்கிட்டே" என்றாள். எனக்கு ஆறுதலாகச் சொன்னாளா, உண்மையாகவே சொன்னாளா என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

இனி அவள் இருக்கிற பக்கம் வர மாட்டேன் என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டு அவன் வெளியே வந்தான். கேஸ் கோர்ட்டில் நடக்கிறது. வாய்தாவுக்கு வரும்போது அவளை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை என்று நர்ஸம்மா சொல்கிறார். அப்படி அமைதியாக இருப்பதுதான் எனக்கு இன்னும் பயம். அவள் திருச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள், கீரனூரில் இருந்து பஸ்ஸில் போய் வருகிறாள். நான் விளம்பரத்தில் இருந்து என் ஃபோட்டோவையும் மேப்பையும் எடுத்துவிட்டேன். அந்த ஆப்பையும் விட்டுவிட்டேன். இப்போது வருகிற லீட் குறைவுதான். தெரியாத ஆண் குரல் நிதானமாக, மரியாதையாகப் பேசினால் இப்போதும் ஊர், பேர் எல்லாம் இரண்டு தடவை கேட்டுக்கொண்டுதான் பதில் சொல்கிறேன். பாவம், நிஜமாகவே மனை வாங்க நினைக்கிறவர்கள் அவர்கள்.

போன மாதம் கீரனூரில் ஒரு வீடு காட்டப் போனபோது, அவளைப் பார்க்கலாம் என்று மாடி ஏறினேன். அவளுக்கு அன்று வார விடுமுறை. கதவைத் தட்டினேன். உள்ளே காலடிச் சத்தம் வந்து கதவுக்குப் பின்னால் நின்றது.

"யாரு?" பிள்ளையின் குரல்.

"நான்தான் பாப்பா, புதுக்கோட்டை அத்தை."

"அம்மா தூங்குது. அம்மா எந்திரிச்சாத்தான் தொறப்பேன்."

"சரிடா, நல்ல புள்ள. அம்மாவ எழுப்பாத. அத்தை இங்கயே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் பிள்ளையும் உட்கார்ந்தது. அது மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.